மூன்று மணி என்று நான் சொன்னது

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்கத்தான் கை போகிறது. ஞாயிற்றுக்கிழமை போனிலும் அதைத்தானே சொல்கிறேன். நீ "என்னாப்பா, எப்பிடி இருக்கீங்க?" என்பாய், நான் "நல்லா இருக்கோம் தம்பி, நீ சாப்ட்டியா?" என்பேன், அதோடு நம் பேச்சு தீர்ந்துவிடும். போனில் வாய் வராத ஒன்றை எழுதிவிடலாம் என்று நான்கு நாளாகத் தாளும் பேனாவுமாக உட்காருகிறேன். மூன்று முறை எழுதிக் கிழித்தாகிவிட்டது. இதையும் கிழிக்காமல் இருந்தால் உறையில் ஒட்டி உன் மாமனார் கையில் கொடுத்தனுப்புவேன். தபாலில் போட்டால் போட்டதுதான். அவரிடம் கொடுத்தால் விமானம் ஏறுகிற வரைக்கும் திரும்ப வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. உன் அப்பா எவ்வளவு தைரியசாலி என்று இதிலேயே தெரிந்துகொள்.

போன வாரம் உன் மாமனாரும் மாமியாரும் கம்மாபுரத்திலிருந்து வண்டியில் வந்திருந்தார்கள். விசா வந்துவிட்டது, மகளின் பிரசவத்துக்கு இருபது நாள் முன்பே போய்விடுகிறோம் என்று சொன்னார்கள். கட்டிலில் இருந்த உன் அம்மா "வாங்க" என்றாள். அவளிடம் மிச்சம் இருக்கிற ஒரே வார்த்தை அதுதான் என்று உனக்குத் தெரியும். பசித்தாலும் வாங்க, கால் இழுத்தாலும் வாங்க, டிவியை நிறுத்து என்றாலும் வாங்க. அன்றைக்கு மட்டும் அந்த வார்த்தை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. உன் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து உன் மாமனார் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்: "சம்பந்தி, உங்களத்தான் கேக்கணும். எனக்கு ஏ பி சி டிக்கு மேல தெரியாது, இவளுக்கு அதுவும் தெரியாது. அந்த ஊருப் பேச்ச வெச்சிக்கிட்டு நீங்க எப்பிடித்தான் மூணு மாசம் ஓட்டுனீங்க?"

நான் சிரித்தேன். "அது என்னா பெரிய விஷயம் சம்பந்தி? கையக் காட்டுனா எடுத்துக் குடுத்துடுவான். பயப்படவே வேணாம், போயிட்டு வாங்க" என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது உன் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி, உன் கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் அங்கே வந்து தங்கிய அந்த மூன்று மாதத்தில் நான் ஓட்டியது ஒன்றும் இல்லை. உன் அம்மாதான் ஓட்டினாள். உனக்கு நினைவிருக்கும், சனிக்கிழமைச் சந்தைக்கு நாம் மூவரும் போனால் நீ முன்னால் நடப்பாய், நான் குரங்குக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு உன் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். அவள் நேரே காய்க்காரியிடம் போய், "யம்மா, அடியில கெடக்கறத போடாத, நல்லதா மேல இருந்து எடுத்துக் குடு" என்று தமிழிலேயே சொல்வாள். அந்தப் பெண் தன் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு நல்ல தக்காளியாகப் பொறுக்கிப் போடுவாள். "அவளுக்கு என்னா புரிஞ்சிது?" என்று நான் கேட்டால், "தக்காளி வாங்க வந்தவ வேற என்னாத்த கேப்பா? ஒங்களுக்குத்தான் ஒண்ணும் புரியாது" என்பாள். எனக்கு வெட்கம். தப்பாகப் பேசிவிட்டால் உன் மானம் போய்விடுமே என்ற வெட்கம். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் முப்பது வருஷம் சூளையில் தீ பார்த்தவன் நான். பத்துப் பேரை அதட்டி வேலை வாங்கியிருக்கிறேன். அங்கே வந்ததும் ஒரு பாக்கெட் உப்பு கேட்கத் தெரியாதவனாகிவிட்டேன்.

ஒருநாள் என்னைக் கடைத்தெருவில் விட்டுவிட்டு நீ பாங்குக்குப் போனாய். ஒரு கடையில் பீங்கான் கோப்பைகள் அடுக்கியிருந்தன. கை சும்மா இருக்குமா? ஒன்றை எடுத்துக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன், விரலால் சுண்டி காதில் வைத்துக் கேட்டேன். நல்ல வேக்காடு, மணி போல நாதம். கடைப்பெண் ஓடி வந்து கையை நீட்டினாள். உடைத்துவிடுவேன் என்று பயந்திருப்பாள். நானும் இதைத்தான் சூளையில் எரிக்கிறவன், என் கை எவ்வளவு பீங்கானைப் பார்த்தது என்று சொல்ல ஆசையாக இருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் சூளை இங்கிலீஷ்தானே. கோப்பையைக் காட்டி, என் நெஞ்சைக் காட்டி, "ஃபயர், ஐ ஃபயர்" என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்துக் கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்து பனியில் நின்றுகொண்டேன். நீ வந்து "உள்ள நிக்கக் கூடாதாப்பா?" என்று கேட்டாய். காற்று வாங்கினேன் என்றேன். அந்தக் குளிரில்.

பிறகு பொங்கல் வந்தது. நீ வேலைக்குப் போய்விட்டாய். உன் அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்து, ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, "எதிர் வூட்டு அம்மா தனியாக் கெடக்குது, குடுத்துட்டு வாங்க" என்று என்னை அனுப்பினாள். அவளே போயிருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும். குளித்துவிட்டு ஈரத் தலையோடு இருந்தாள், அதனால் நான் போனேன். பெல் அடித்தேன். அந்த அம்மா கதவைத் திறந்தார். "பொங்கல்" என்று சொல்லி நீட்டினேன். வாங்கிக்கொண்டார், ஏதோ சொன்னார், கதவைச் சாத்தினார். நான் நின்றேன். நம் ஊரில் என்ன செய்வோம்? பலகாரத்தைத் தன் பாத்திரத்தில் மாற்றிக்கொண்டு, கொண்டுபோன பாத்திரத்தில் ஒரு பிடி சர்க்கரையோ இரண்டு பழமோ போட்டுத் திருப்பிக் கொடுப்போம். கிண்ணம் வரும் என்று நான் நின்றேன். ஐந்து நிமிஷம் போயிற்று. மறந்துவிட்டார் போல என்று மறுபடி பெல் அடித்தேன். கதவில் இருந்த கண்ணாடித் துளை இருண்டது, யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. சிரித்தேன், கையால் கிண்ணம் போலக் காட்டினேன். திறக்கவில்லை. மூன்றாம் முறை அடித்தேன். சூளைக்காரனுக்கு நிற்கத் தெரியும் தம்பி. தீயை அணைத்த பிறகு ஒன்றரை நாள் கதவைத் தொடாமல் பொறுக்கிறவர்கள் நாங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த காற்று பட்டு உள்ளே இருக்கிற சரக்கு முழுக்கக் கீறிவிடும். அந்த வழக்கத்தில் நின்றேன். அரைமணி நேரத்தில் போலீஸ் வந்தது.

அவர்கள் மரியாதையாகத்தான் நடந்தார்கள். ஆனாலும் ஒரு பெண் போலீஸ் என்னை ஏதோ கேட்க, நான் கைகூப்பிக்கொண்டு நிற்க, உன் அம்மா ஈரத் தலையோடு ஓடி வந்து "அவரு ஒண்ணும் பண்ணலீங்க, பாத்திரத்துக்கு நிக்கிறாருங்க" என்று அழ, நீ ஆபீஸிலிருந்து டாக்சி பிடித்து வந்து சேர்ந்தாய். பேசிச் சரிசெய்தாய். அந்த அம்மாவுக்கும் முகம் சிவந்துவிட்டது. வீட்டுக்குள் வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நீ சொன்னாய்: "யப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். இனிமே நான் இல்லாதப்ப யாரு வூட்டு பெல்லும் அடிக்காதீங்க." நீ அதட்டிச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாய். அதட்டியிருந்தால் எனக்கு மறந்திருக்கும். கிண்ணத்தை நாம் யாரும் அன்று நினைக்கவில்லை.

இனி எழுதப்போவதற்குத்தான் மூன்று முறை கிழித்தேன்.

உன் அம்மாவுக்கு வாதம் வந்தது நான் சொன்ன மாதிரி மதியம் மூன்று மணிக்கு இல்லை. காலை பத்து மணிக்கு. நீ கிளம்பிப் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி கீழே விழுந்த சத்தம் கேட்டு நான் திரும்பினேன். எடுக்கக் குனிகிறாள், கை எடுக்க வரவில்லை. "என்னா ஆச்சு?" என்றேன். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஏதோ சொன்னாள், ஒரு சொல்லும் சொல்லாக இல்லை. படுக்கவைத்தேன். பாதத்தில் தேங்காய் எண்ணெய் தேய்த்தேன். வெந்நீர் கொடுத்தேன், கடைவாயில் வழிந்துவிட்டது. உன் செல்லை அன்று நீ மறந்து அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாய். நீ எழுதி ஒட்டியிருந்த ஆபீஸ் நம்பரை அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள். உன் பெயரைச் சொன்னேன். அவள் கேள்வி மாதிரி என் பெயரைச் சொன்னாள். அந்த ஊரில் அப்பன் பெயரைத்தான் கடைசியில் வைத்து உன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அன்று, இவளுக்கு என்னைத் தெரிந்திருக்கிறதே என்று நினைத்து, "யெஸ், யெஸ், நான்தாங்க" என்றேன். மறுபடி கேட்டாள். மறுபடி நான்தான் என்றேன். பிறகு ஏதோ சொல்லி வைத்துவிட்டாள். பக்கத்திலேயே நீ எழுதியிருந்த ஆபத்து நம்பர் இருந்தது. ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். எடுத்தால் எங்கே வீடு என்று கேட்பார்கள். அந்தத் தெருப் பெயர் என் வாயில் ஒருநாளும் நுழைந்ததில்லை. பொங்கலன்று வந்த அதே போலீஸ் வந்து நின்றால் என்ன சொல்வது? வைத்துவிட்டேன்.

எதிர் வீட்டுக் கதவுக்குப் போனேன். விரலை பெல்மேல் வைத்தேன். உள்ளே ரேடியோ பாடுவது கேட்டது, அந்த அம்மா நடமாடுகிற சத்தம்கூடக் கேட்டது. நான் அழுத்தவில்லை. திரும்பி வந்தேன். பன்னிரண்டு மணி வாக்கில் இன்னொரு தடவை போனேன், அப்போதும் விரல் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன். உன் அம்மாவின் முகத்தைத் துடைத்தேன், "தம்பி வந்துடுவான், பொறுத்துக்க" என்றேன். பொறுத்தால் ஆறிவிடும் என்று நினைத்தேன் தம்பி. வேறு எனக்கு என்ன தெரியும்? ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போனார்கள், ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு போனார், தபால்காரப் பெண் வந்து போனாள். ஒருவரையும் நான் கூப்பிடவில்லை. அவள் இடத்தில் நான் விழுந்து கிடந்திருந்தால் அவள் தெருவில் இறங்கித் தமிழிலேயே கத்தியிருப்பாள். ஊரே கூடியிருக்கும். நீ ஐந்தரைக்கு வந்தாய்.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நீ என் பக்கம் திரும்பி, "எப்ப வந்துச்சுன்னு கேக்குறாங்கப்பா, நல்லா யோசிச்சிச் சொல்லுங்க" என்றாய். "மூணு மணி இருக்கும்" என்றேன். அவர் இரண்டாவது தடவை கேட்கச் சொன்னார். நான் இரண்டாவது தடவையும் மூணு என்றேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு வந்து உன்னிடம் நீளமாகப் பேசினார். என் பெண்டாட்டியைப் பற்றி என் எதிரிலேயே பேசுகிறார்கள், நான் உன் வாயையும் அவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நீ சொன்னாய்: "முன்னாடியே வந்திருக்கும் போலப்பா, படத்துல தெரியுதாம். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. மூணு மணி நேரத்துக்குள்ள கொண்டாந்திருந்தா ஒரு ஊசி இருக்குதாம், இப்ப போட முடியாதாம்." சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாய். "நான் அன்னைக்கி செல்ல எடுத்துட்டுப் போயிருந்தா" என்று அழுதாய். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நீ சொன்ன வார்த்தையால்தான் நான் பெல் அடிக்கவில்லை என்று தெரிந்தால் நீ தாங்கமாட்டாய், அதனால்தான் மறைத்தேன் என்று நான்கு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது பாதிதான் நிஜம். கட்டியவள் கண்ணெதிரே கிடக்க, ஏழரை மணி நேரம் ஒரு ஆம்பிளை சும்மா உட்கார்ந்திருந்தான் என்று மகனுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் மீதி. உன்மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அடிக்காதே என்று சொன்னது நீ, எதற்குச் சொன்னாய் என்று யோசிக்காமல் நின்றது நான். உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அன்று அவளுக்கு நினைவு தப்பவே இல்லை, கண் என்னோடுதான் போய்ப் போய் வந்தது. ஊரிலிருந்து யாராவது வந்து பார்த்து, நான் "மூணு மணி போல வந்துச்சுங்க" என்று கதை சொல்லும்போதெல்லாம் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். அவளால் சொல்ல முடியாது. என்னால் முடியும், நான் சொல்லவில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. நாங்கள் ஊருக்குக் கிளம்பின அன்று நீ கீழே டாக்சியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தாய். உன் அம்மா சக்கர நாற்காலியில் கதவோரம் இருந்தாள். எதிர் வீட்டு அம்மா வந்தார். கையில் நம் கிண்ணம். உள்ளே சர்க்கரை தூவிய சின்னச் சின்ன பிஸ்கட், அவரே செய்தது. வெறும் பாத்திரம் திருப்பக் கூடாது என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ. நாற்காலி முன்னால் குந்தி உட்கார்ந்து உன் அம்மாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். இவள் "வாங்க" என்றாள். அவர் என் பக்கம் திரும்பி, தன் வீட்டுக் கதவைக் காட்டினார். விரலால் பெல் அழுத்துவது போலக் காட்டினார். தன் காதைத் தொட்டார். பிறகு ஏன், ஏன் என்கிற மாதிரி இரண்டு கையையும் விரித்துக் கண்ணீர் விட்டார். மூன்று மாதத்தில் அந்த ஊரில் ஒருவர் சொன்னது எனக்கு முழுசாகப் புரிந்தது அந்த ஒரு தடவைதான். நான் அடித்திருந்தால் அவர் திறந்திருப்பார்.

நீ அதே வீட்டில்தான் இருக்கிறாய், அந்த அம்மாவும் இருக்கிறார் என்று மருமகள் சொன்னாள். உன் மாமனார் சுரங்கத்துக்கு நிலம் போனபோது ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினவர், ஆனாலும் அங்கே வந்தால் அவரும் என்னைப் போலத்தான் உன் முதுகுக்குப் பின்னால் நிற்பார். அவர்கள் ஏதாவது தப்பாகச் செய்வார்கள். யாராவது வந்து உன்னிடம் புகார் சொல்வார்கள். அன்றைக்கு நீ களைத்திருப்பாய். அப்போது, பெல் அடிக்காதீங்க என்று எனக்குச் சொன்ன அந்த வார்த்தையை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே. பிரசவத்துக்கு நாள் நெருங்கின பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு அவர்கள் தனியாக இருப்பார்கள் தம்பி. வந்த முதல் நாளே இரண்டு பேரையும் எதிர் வீட்டுக்குக் கூட்டிப்போ. அந்த பெல்லை உன் கண் எதிரில் உன் மாமனாரையே அழுத்தச் சொல். கிண்ணத்தையும் அவர் பையில் வைத்து அனுப்புகிறேன், அந்த அம்மாவுக்கு என் மருமகள் கையால் எதையாவது போட்டுக் கொடுத்தனுப்பு. அந்தத் தெருப் பெயர் வாயில் நுழைகிற வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லவை. எனக்கும் சொல்லிக்கொடு என்று கேட்டால் நீ கோபித்துக்கொள்வாயோ என்று அன்று நான் கேட்காமல் விட்டது அதுதான்.

இதையெல்லாம் படித்த பிறகு நீ என்னோடு பேசுவாயா என்று எனக்குத் தெரியவில்லை. பேசாவிட்டாலும் நான் என்ன செய்ய முடியும்?

எழுதி முடித்ததை இப்போது உன் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தெரியாமல் இது போகக் கூடாது. ஒரு இடத்திலும் முகத்தைத் திருப்பாமல் கேட்டாள். முடித்ததும் "வாங்க" என்றாள். இந்த நான்கு வருஷத்தில் பசிக்கிற வாங்க எது, வலிக்கிற வாங்க எது, கோபத்து வாங்க எது என்று அவள் குரலை வைத்தே எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியும். இது எது என்று தெரியவில்லை. மறுபடி கேட்டேன், மறுபடியும் அதே மாதிரிதான் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால் முதலில் அவளிடம் கொடுக்கிறேன். நீ கேட்டுவிட்டு எனக்குச் சொல்.

அப்பா